பக்கம் 212, வரி 4 முதல் 9 வரை

என் இயந்திரத்தில் இருபத்திரண்டு விசைகள்.
இருமலுக்கு ஒன்றும் இல்லை.
கவிதையில் வரி மடங்கும் இடத்துக்கும் இல்லை.

டோலிடோ. பிப்ரவரி.
ஜன்னலுக்கு வெளியே சாலையில் உப்புத் தூவும் லாரி
இரண்டு முறை போய்வந்தது.
சான்றாவணம் பதினேழு:
சுருள்கம்பி நோட்டு, நீல அட்டை,
டயர் கடைக் கிரீஸ் படிந்த மூலைகள்.
எழுதியவன் கோர்ட்லண்ட் பிப்ஸ், இருபத்து மூன்று வயது.
எரிந்தது கார்வர் தெருவில் ஒரு மெத்தைக் கிடங்கு.
யாரும் சாகவில்லை.
யாரும் பார்க்கவில்லை.
நோட்டு இருந்தது.

நீதிபதி முதல் நாளே தெளிவாகச் சொல்லிவிட்டார்:
எழுதியதற்காக அவர்மேல் வழக்கில்லை,
எழுதியது வழக்கில் இருக்கிறது, அவ்வளவே.
நிமிடத்துக்கு இருநூற்று இருபத்தைந்து சொல் அடிப்பவள் நான்.
அந்த வாக்கியத்தில் மட்டும் விரல் தடுக்கியது.

கைதுசெய்தபோது அவனிடம் சொன்னார்களாம்:
பேசாமலிருக்க உனக்கு உரிமை உண்டு,
பேசுவதெல்லாம் உனக்கு எதிராகத் திரும்பலாம்.
ஒரு டாலர் நோட்டின் அட்டையில்
இதை யாரும் அச்சடித்து விற்பதில்லை.

அரசு வழக்கறிஞர் ஹாலோரன் கண்ணாடியைத் துடைத்து
மின்கட்டண ரசீதைப் படிப்பதுபோல் படித்தார்:

"மௌமி ஆற்றைக் குடித்து முடித்தேன்
தாகம் அடங்கவில்லை"

எதிர்த்தரப்பில் சட்டை கசங்கிய அந்த இளைஞர் எழுந்து
ஆற்றைக் குடித்ததற்கும் குற்றப்பத்திரிகை உண்டா என்றார்.
(சிரிப்பு) என்று பதிந்தேன்.
சிரிப்புக்கு அடைப்புக்குறி போடலாம், அனுமதி உண்டு.
மூன்றாம் வரிசையில் அவன் அம்மா
சிரிக்காமல் இருந்ததற்கு
அடைப்புக்குறி கிடையாது.

பிறகு அந்தத் தாளின் கடைசி வரி:

"இந்தத் தெருவைக் கொளுத்தியது நான்"

ஹாலோரன் அங்கே மூச்சு வாங்கினார்.
நான் முற்றுப்புள்ளி வைத்தேன்.

தாளைத் திருப்பினால்

"என்று சொல்லத்தான் எத்தனை வாய்கள்"

என்று இருந்தது. இளைஞர் அதை வாசித்தார்தான்,
மறுநாள், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு,
பக்கம் 268இல்.
ஹீட்டர் இரைந்துகொண்டிருந்தது.
ஜூரர்களில் இருவர் கண்ணைத் திறந்துவைக்கப் பாடுபட்டார்கள்.

ஐந்தாம் நாள் ஜூரியிடமிருந்து ஒரு சீட்டு வந்தது:
தெருவைப் பற்றிய பகுதியை மறுபடி கேட்க வேண்டும்.
பக்கம் 212, வரி 4 முதல் 9 வரை, என்றார் நீதிபதி.
அதற்கு மேல் ஒரு எழுத்தும் கூடாது.
குரலில் ஏற்றம் இறக்கம் கூடாது என்பது என் தொழில் விதி.

நான் வாசித்தேன்.
என் வாயால், பன்னிரண்டு பேர் முன்னால்,
இந்தத் தெருவைக் கொளுத்தியது நான்.

நின்றேன். நிற்க வேண்டிய இடம் அது.
ஆனால் குரலைக் கீழே இறக்கவில்லை,
படிக்கட்டில் அடுத்த படி இருப்பதாக நினைத்துத்
தூக்கிய கால்போல
அந்த "நான்" அந்தரத்தில் நின்றது.
பச்சை ஸ்வெட்டர் போட்ட பெண் நிமிர்ந்தாள்.
என்னால் முடிந்தது அதுதான்.
அதுவும் எங்கும் பதிவாகவில்லை;
நான் வாசிக்கும்போது
பதிய யார் இருக்கிறார்கள்?

பச்சை ஸ்வெட்டரும் மற்றவர்களோடு சேர்ந்தே சொன்னாள்.
குற்றவாளி.

தண்டனைக்கு முன் நீதிபதி கேட்டார்,
அன்பாகத்தான் கேட்டார்:
ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா?
எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

பிப்ஸ் தலையை இடமும் வலமும் ஆட்டினான்.

தலையாட்டலைப் பதிய முடியாது.
நான் கையை உயர்த்தினேன்.
பதிவுக்காக, வாய்விட்டுச் சொல்லுங்கள் என்றேன்.
அவன் என்னைப் பார்த்தான்,
வழக்கு தொடங்கியதிலிருந்து முதல் தடவை.

இல்லை, என்றான்.

அறுநூற்றுப் பதினான்கு பக்கங்களில்
அவன் வாயிலிருந்து வந்தது அது ஒன்றுதான்.
ஒரே அழுத்தில் விழுந்தது.